தரணிக்கு ஒரு கவசம்

டிசம்பர் 3, ஞாயிறு

தரணி வருகிறான்.

காலையில் பெர்த்திலிருந்து போன். பிப்ரவரியில் திருப்பூரில் அவன் அக்கா மகளுக்குக் கல்யாணமாம், ஒரு மாதம் லீவு போட்டிருக்கிறானாம். கல்யாணப் பேச்சை அதோடு முடித்துக்கொண்டான். "டேய் கிட்டு, மைதானம் இன்னும் இருக்குதாடா? நாம ஒரு ஆட்டம் போட்டர்லாமா?" என்று கேட்டான். ஆஸ்திரேலியா போய்ப் பதினான்கு வருடம் ஆகிறது. நேற்று சாயங்காலம் விட்ட பேச்சைத் தொடருகிறவன் மாதிரி கேட்கிறான்.

இருக்கிறது என்றேன். கோவையில் சிங்காநல்லூர்ப் பக்கம் மூடிக்கிடக்கும் ஒரு மில்லின் மைதானம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் குழு இன்னமும் அங்கேதான் இரும்புக் கவசம் மாட்டிக்கொண்டு, கூர் இல்லாத வாளால் ஒருவரையொருவர் அடித்துக்கொள்கிறது. அறுநூறு வருடத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் போட்ட மாதிரியே கவசம், அதே மாதிரி வாள். ஆரம்பித்தவர்களில் நானும் ஹபீபும்தான் மிச்சம். ஹபீப் உக்கடத்தில் பைக் சீட் தைக்கிறவர். எங்கள் தோல்வார் வேலை முழுக்க அவருடையது, சண்டைக்கு நடுவரும் அவர்தான். மற்றவர்கள் ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள்.

"ஏனுங்க, நம்மூர்ல இல்லாத வாளா? எதுக்கு வெள்ளக்காரன் கவசம்?" என்று கேட்காத ஆள் இல்லை. நம்மூர்ச் சிலைகளில் வீரன் வெறும் மார்போடு நிற்கிறான். எனக்குத் தொந்தியும் குடும்பமும் இருக்கிறது, நான் இரும்புக்குள் இருந்துகொள்கிறேன் என்பதுதான் என் பதில்.

தரணியும் நானும் ஒரே கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தோம். ஒரு நாள் பிரவுசிங் சென்டரில் வேறு வேலைக்கு மனுப் போட உட்கார்ந்த தரணி, எங்கோ ஒரு நாட்டில் நாலு பேர் கவசத்தோடு மோதிக்கொள்ளும் படத்தைப் பார்த்துவிட்டு, அதை பிரிண்ட் எடுத்துக்கொண்டு சைக்கிளில் என் வீட்டுக்கு வந்தான். வேலைக்கான மனு அங்கேயே கிடந்தது. அடுத்த வாரம் ஆயில் டிரம்மை வெட்டி முதல் மார்புத்தட்டு செய்தோம். அதைப் போட்டுக்கொண்டு அவன் நின்றபோது வயிற்றுப் பக்கம் கம்பெனி முத்திரை தலைகீழாக இருந்தது. அன்று சிரித்த சிரிப்பை இப்போது நினைத்தாலும் விலா வலிக்கிறது.

கடைசியாக மோதியது 2009 அக்டோபர். ஐந்து சுத்தமான அடி யார் முதலில் அடிக்கிறாரோ அவர் ஜெயித்தவர். நாலுக்கு நாலு என்று நின்றபோது மழை கொட்டியது. சேற்றில் இரண்டு பேரும் வழுக்கி விழுந்து, ஹபீப் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். மறு வாரம் தரணிக்கு விசா வந்தது.

அவனுடைய பழைய கவசம் துருப்பிடித்து எடைக்குப் போய்விட்டது. புதிதாக நான்தான் செய்யப்போகிறேன். வேறு யாரையும் தொட விடமாட்டேன்.

டிசம்பர் 6, புதன்

அளவுகளை வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறான். மார்பு நாற்பத்தாறு. வயிறு நாற்பத்தைந்தரை. இது மனிதனுக்கா, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கா என்று ஒரு நிமிடம் யோசித்தேன்.

பிறகு புரிந்தது. பஞ்சுச்சட்டை போட்டுக்கொண்டு அளந்திருக்கிறான். கவசத்துக்கு அடியில் பல மடிப்புப் பருத்தித் துணி வைத்துத் தைத்த தடிமனான சட்டை போடுவோம். அதுதான் அடியை வாங்கிக்கொள்ளும். அந்தச் சட்டைக்கு மேலேதான் அளவு எடுக்க வேண்டும். முதல் வருடம் பனியன்மேல் அளந்து தகடு வெட்டி, உள்ளே பஞ்சுச்சட்டை போட்டதும் மூச்சு விட முடியாமல் இரண்டு பேரும் திணறினோம். அந்தப் பாடத்தைச் சேர்ந்து படித்தவன் மறப்பானா. ஊரைவிட்டுப் போகும்போது பழைய பஞ்சுச்சட்டையை மட்டும் பெட்டியில் வைத்துக்கொண்டு போனவன் அவன்.

வசுமதி அளவைப் பார்த்துவிட்டு, "எதுக்கும் போன் போட்டுக் கேட்டுருங்களே" என்றாள். என் மனைவி, எங்கள் குழுவுக்கே பஞ்சுச்சட்டை தைப்பவள். "அவன எனக்குத் தெரியாதா" என்றேன். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

டிசம்பர் 10, ஞாயிறு

தகடு வெட்டியாயிற்று. உடம்புக்கு ஒன்றரை மில்லி, தலைக்கு இரண்டு மில்லி. குழி தோண்டிய மரக்கட்டைமேல் தகட்டை வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி அடித்து வளைக்க வேண்டும். அவசரப்பட்டால் தகடு சுருங்கி மடிந்துவிடும்.

அடிக்க அடிக்கத் தரணியின் நெஞ்சு வெளியே வருகிறது. இடது தோளைக் கொஞ்சம் தூக்கி நிற்பான், அதற்கு இடம் விட்டேன். வலது அக்குளில் வெட்டு ஆழமாக வேண்டும், வாளை அவ்வளவு பின்னால் கொண்டுபோய்த்தான் வீசுவான். எல்லாம் ஞாபகம் இருக்கிறது. சந்தோஷமாக இருக்கிறது, அதை எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 12, செவ்வாய்

சுத்தியல் நழுவிக் கட்டைவிரலில் விழுந்தது. கைப்பிடியில் எண்ணெய்.

டிசம்பர் 17, ஞாயிறு

இன்று எனக்கு வாள் தேர்ந்தெடுக்கலாம் என்று மைதானத்தில் எல்லாவற்றையும் எடுத்துப் பரப்பினேன்.

புதுப் பிள்ளைகள் கடையில் பளபளவென்று தொங்குவதைப் பார்த்து மயங்குவார்கள். அது சுவரில் அழகுக்கு மாட்ட. எவர்சில்வர்த் தகடு, கைப்பிடிக்குள் பென்சில் தடிமனுக்கு ஒரு கம்பியைப் பற்ற வைத்திருப்பான். ஒரு அடி பலமாக விழுந்தால் வாள் தனியாகப் பறக்கும், யார் முகத்தில் போய் விழும் என்று சொல்ல முடியாது. எங்களுடையது லாரிப் பட்டைக்குப் போடுகிற ஸ்பிரிங் ஸ்டீல். விளிம்பு நாணயத் தடிமன், முனை கட்டைவிரல் மாதிரி உருண்டை. நுனியிலிருந்து கைப்பிடியின் கடைசிவரை ஒரே இரும்பாக ஓட வேண்டும். பிறகு சமநிலை. கைப்பிடிக் குறுக்குச் சட்டத்திலிருந்து நாலு விரல் தள்ளி ஒரு விரலில் நிறுத்தினால் அசையாமல் நிற்க வேண்டும்.

முதலாவது, நானே 2011இல் செய்தது. முன்பாரம் அதிகம். இரண்டாவது, வடக்கேயிருந்து வரவழைத்தது. கைப்பிடி பருமன், விரல் சுற்றவில்லை. மூன்றாவது ஒரு பையன் ஜெர்மனியிலிருந்து கொண்டு வந்தது. அது வாளா விசிறியா, அவ்வளவு லேசு.

ஹபீப் தள்ளி உட்கார்ந்து வார் தைத்துக்கொண்டிருந்தவர், "கிட்டண்ணா, அந்த மொதக் கத்தியத்தான் போன வருசம் பூராக் கொஞ்சிக்கிட்டு இருந்தீங்க. இப்ப என்ன கோவம் அதுமேல?" என்றார்.

"இப்பத்தான் அதோட குறை தெரியுது" என்றேன்.

சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

டிசம்பர் 22, வெள்ளி

முதல் வாளின் கைப்பிடியில் புதுத் தோல் சுற்றினேன். வழுக்குகிறது. பிரித்துவிட்டு நூல் கயிறு சுற்றினேன். அதுவும் சரியில்லை.

டிசம்பர் 26, செவ்வாய்

பால் அடுப்பில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வசுமதி பக்கத்து வீட்டுக்குப் போனாள். பக்கத்திலேயே உட்கார்ந்து தலைக்கவசத்துக்கு மூச்சுத் துளை குறித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தவள் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். பாத்திரம் கரி. எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. மார்கழிச் சளி.

"சளியே இல்லாம என்னங்க சளி" என்றாள்.

ஜனவரி 7, ஞாயிறு

தரணியின் மார்புத்தட்டு, முதுகுத்தட்டு, தலைக்கவசம் முடிந்தன. வீட்டுப் பட்டறை மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். இவ்வளவு நல்ல வேலை நான் செய்ததில்லை. அதை நானே சொல்லிக்கொள்ள வெட்கமில்லை.

என்னுடைய கைக்கவசத்தில்தான் தொல்லை. விரல்மேல் மீன் செதில் மாதிரி சின்னத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். வலது கையில் அவை ஒன்றோடொன்று உரசிக் கடகடவென்று சத்தம் போடுகின்றன. ரிவெட் தளர்ந்திருக்கும் என்று எல்லாவற்றையும் திரும்ப அடித்து இறுக்கினேன். சத்தம் போகவில்லை. இதில் விசித்திரம், வாளை வீசும்போது சத்தமே இல்லை. கையைத் தொங்கப் போட்டுச் சும்மா நிற்கும்போதுதான்.

சண்டை ஆரம்பிக்கும் முன் இரண்டு பேரும் வாள் முனையைத் தரையில் ஊன்றி ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். ஹபீப் சுற்றி வந்து ஒவ்வொரு வாரையும் இழுத்துப் பார்த்து முடித்துத்தான் கை காட்டுவார். மைதானமே அமைதியாக இருக்கும் நேரம் அது. அப்போது இந்தக் கடகடப்பு கேட்டால் அசிங்கம். எனவே ஒவ்வொரு தகட்டுக்கும் அடியில் மெல்லிய தோல் துண்டு வெட்டி ஒட்டினேன். இப்போது சத்தமில்லை.

வேறு ஒன்றுமில்லை, தகட்டின் கோளாறு.

ஜனவரி 15, திங்கள். பொங்கல்

பொங்கல் பொங்கியது. வசுமதி காபி கொடுத்தாள், டம்ளரில் பாதிக்கு. கொஞ்ச நாளாகவே பாதிதான். "சர்க்கரை வெலை ஏறிடுச்சா?" என்று கேட்டேன்.

"முழுசாக் குடுத்தா பாதி சட்டையில போகுது" என்றாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏனுங்க, ஒருக்கா டாக்டரப் பாத்துட்டு வந்தர்லாமுங்க. கையி ஆடறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கறீங்களா?"

நல்ல நாளும் அதுவுமாக என்ன பேச்சு என்று சத்தம் போட்டேன். பிப்ரவரி பதினொன்றாம் தேதி தரணியோடு ஆட்டம், அது முடியட்டும், பிறகு எந்த டாக்டரிடம் வேண்டுமானாலும் வருகிறேன் என்றேன். அதற்கு முன்னால் போனால் அவர் என்ன சொல்வாரோ. வாளைத் தொடாதே என்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் நான் எந்த முகத்தோடு மைதானத்தில் நிற்பது.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு ஆட்டம். அதையும் பழைய கிட்டுசாமியாகப் போட வேண்டும். வேறு எதுவும் கேட்கவில்லை.

ஜனவரி 28, ஞாயிறு

தரணி வந்துவிட்டான். எங்கள் வீட்டுப் பக்கத்துக் கணபதி ஸ்டாப்பில் ஆட்டோவிலிருந்து முதலில் ஒரு வயிறு இறங்கியது, பின்னாலேயே அவன் இறங்கினான். நடுரோட்டில் கட்டிப் பிடித்தான். இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது, பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான்.

நேராகப் பட்டறைக்குக் கூட்டிவந்தேன். துணியை விலக்கிக் கவசத்தைக் காட்டினேன். கையால் தடவித் தடவிப் பார்த்தான். "என்ற தோளு தூக்கலா நிக்கறதக் கூட மறக்கலியாடா நீ" என்றான்.

வசுமதி தைத்து வைத்திருந்த பஞ்சுச்சட்டையை எப்படியோ இழுத்துப் போட்டு மார்புத்தட்டை மாட்டினோம். பக்கவாட்டில் நாலு விரல் இடைவெளி. வாரை இழுத்தால் அவன் முகம் சிவக்கிறது, வார் எட்டவில்லை.

"டேய், பஞ்சுச்சட்டைக்கு மேலதான அளந்தே?"

"பனியனோட அளந்தேன்டா. நீ சேத்துக்குவேன்னு நெனச்சேன். அந்தப் பழைய சட்டை எனக்குப் பத்தாமப் போயி வருசமாச்சு."

நாற்பத்தாறும் நாற்பத்தைந்தரையும் வெறும் உடம்பு. நான் என் மனசுக்குள் இருந்த தரணிக்குக் கவசம் அடித்திருக்கிறேன். இருபது வருடம் முன்னால் ஆயில் டிரம்முக்குள் நின்றானே, அவனுக்கு. வசுமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அவள் தைத்த புதுப் பஞ்சுச்சட்டையில் மடிப்புக்குள் மூன்று இஞ்ச் துணியை விட்டே வைத்திருக்கிறாள். "எதுக்கும் இருக்கட்டும்னு விட்டனுங்க" என்று பிரித்துத் தைத்து மத்தியானத்துக்குள் அவனுக்குப் போட்டும் விட்டாள். துணியைப் பிரிக்கலாம். தகட்டைப் பிரிக்க முடியாது. புதிதாக அடிக்க வேண்டும், இரண்டு வாரம்தான் இருக்கிறது.

"சேந்து அடிச்சா நாலு நாளு" என்றான் தரணி.

ஜனவரி 31, புதன்

பழைய மாதிரியே இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து அடிக்கிறோம். அவன் ஒன்று, நான் ஒன்று. ரேடியோவில் பழைய பாட்டு. நடுவில் டீ, வடை. பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசர் தூங்கும்போது அவர் டிபன் பாக்சுக்கு ஸ்பாட் வெல்டிங் வைத்ததைச் சொல்லிச் சிரித்தான். வைத்தது அவன், மாட்டிக்கொண்டது நான்.

தாளம் மட்டும் சேரவில்லை. அந்தக் காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு அடிப்போம், ஒரு சுத்தியல் இன்னொன்றின்மேல் விழாது. இப்போது இடையில் ஒரு இழுவை. ஏ.சி. அறையில் உட்கார்ந்து உட்கார்ந்து அவனுக்குத் தாளம் மறந்துவிட்டது.

பிப்ரவரி 2, வெள்ளி

ரிவெட் அடிக்க உட்கார்ந்தேன். தரணி சுத்தியலை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டான். "நாஞ் செய்யறேன்டா. பழகி ரொம்ப நாளாச்சு" என்றான். கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

மைதானத்தில் பயிற்சி. கோபமாக இருக்கிறேன், கோர்வையாக எழுத வருமா தெரியவில்லை.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் தன் வாரைத் தானே கட்டிக்கொள்ளக் கூடாது. எதிரில் நிற்கப் போகிறவன்தான் கட்டிவிட வேண்டும். எந்த இடத்தில் அடிக்கப் போகிறானோ அந்த இடம் பத்திரமாக இருக்கிறது என்று அவன் கையாலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். தரணி எனக்குத் தோள், முழங்கை எல்லாம் கட்டினான். வலது கைக்கவசத்தைக் கட்டும்போது கொஞ்ச நேரம் அப்படியே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். "வார் சின்னதா இருக்குதா?" என்று கேட்டேன். "இல்ல, சரியா இருக்குது" என்றான்.

பிறகு ஆட்டம். அடிக்கிறான், ஆனால் அடிக்கவில்லை. பூசாரி விபூதி பூசுகிற மாதிரி என் தோளில் வாளைக் கொண்டுவந்து வைக்கிறான். நான் அடித்தால் தடுக்க வேண்டிய இடத்தில் தடுக்காமல் வாங்கிக்கொள்கிறான். ஆறு மாதம் முன்பு சேர்ந்த பையன்கூட என்னை இப்படி அவமானப்படுத்தியதில்லை. ஐந்துக்கு ஒன்று என்று நான் ஜெயித்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். தலைக்கவசத்தைக் கழற்றாமல் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அவனிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 6, செவ்வாய்

வசுமதியோடு பேசவில்லை.

பிப்ரவரி 8, வியாழன்

இன்று பேசினேன். பேச்சா அது, சண்டை. அவனிடம் எதற்குச் சொன்னாய் என்றேன். தையல் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள்.

"நானெதுக்குங்க சொல்றேன்? கட்டிவிட்டவரு அவரு. கையப் புடிச்சவருக்குத் தெரியாதா? ஊருக்கே தெரியுமுங்க. அபீபண்ணனுக்கு ஆரம்பத்துலருந்தே தெரியும். நீங்க ஒருத்தருதான் கத்தி சரியில்ல, கைப்பிடி சரியில்ல, டம்ளர் சரியில்லன்னு சுத்திக்கிட்டு இருக்கறீங்க."

பிறகு அழுதாள். அவள் அழுவதைக் கடைசியாக என் அப்பா இறந்தபோது பார்த்தது.

சரி, எழுதுகிறேன். எழுதுவதற்குத்தானே இந்த டைரி. போன சித்திரையிலிருந்து வலது கை ஆடுகிறது. சும்மா இருந்தால் ஆடும், வேலை கொடுத்தால் நிற்கும். முன்னைவிட வேகம் குறைந்திருக்கிறது. தாளம் மறந்தது தரணிக்கு இல்லை. பால் கரிந்த வாடை தெரியாததற்கும் சளி காரணமில்லை. அப்பாவுக்கும் இப்படித்தான் டம்ளரில் ஆரம்பித்தது. கடைசி நாலு வருடம் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், நாங்கள் ஊட்டிவிட்டோம். அதனால்தான் டாக்டரிடம் போகவில்லை. அவர் என்ன பெயர் சொல்வார் என்று எனக்கு முன்னமே தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 10, சனி

சாயங்காலம் தரணியைப் பட்டறைக்கு வரச் சொன்னேன். அவன் எதிரிலேயே கைக்கவசத்தை எடுத்து, ஒட்டி வைத்திருந்த தோல் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தேன். பிறகு அதை மாட்டிக்கொண்டு கையைத் தொங்கவிட்டேன். கடகடவென்று அடித்துக்கொண்டது. இரண்டு பேரும் கேட்டுக்கொண்டு இருந்தோம்.

"எவ்வளவு நாளாடா?" என்றான்.

"வருசமாகப் போகுது."

"போன்ல ஒரு வார்த்த சொல்லலயே நீ."

"சொன்னா நீ பூசாரி விபூதி பூசறாப்பல அடிக்க வந்திருப்பே. இப்பவும் அதத்தான பண்றே."

தலையைக் குனிந்துகொண்டான். "உன்னய எப்படிடா அடிக்கச் சொல்றே?" என்று கேட்டான்.

"எப்பவும் அடிக்கறாப்பல. இந்தக் கை இன்னிக்கு என்ன சொன்னாலும் கேக்குது. அடுத்த வருசம் கேக்குமான்னு தெரியாது. நீ விட்டுக்குடுத்துட்டியின்னா, நான் கடைசியா போட்ட ஆட்டம் பொய்யாப் போயிரும்டா. தோக்கறதுன்னாலும் எனக்கு உன்கிட்ட நெசமாத் தோக்கணும்."

தரணி எழுந்து போய் வாள் அடுக்கியிருந்த ஸ்டாண்டைப் பார்த்தான். நான் செய்த முன்பாரமான வாளை எடுத்து வந்து, மேஜைமேல் எனக்கு முன்னால் வைத்தான்.

"இத எடுத்துக்க. வேற எதுலயும் நீ நல்லா அடிக்க மாட்டே" என்றான்.

பிப்ரவரி 11, ஞாயிறு

வசுமதி வந்திருந்தாள். மைதானத்துக்கு அவள் வருவது அபூர்வம். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முந்தானையைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தாள்.

தரணி எனக்குக் கட்டினான், நான் அவனுக்குக் கட்டினேன். புது மார்புத்தட்டு அவனுக்குக் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. என் விரல் கொக்கியில் சிக்கித் தடுமாறியது. அவன் உதவி செய்யவில்லை, நான் மாட்டி முடிக்கும்வரை காத்துக்கொண்டு நின்றான். அதற்கு அவனுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

எதிரெதிரே வாளை ஊன்றி நின்றோம். ஹபீப் சுற்றி வந்தார். எல்லோரும் அமைதியாக இருந்தார்கள், என் கை மட்டும் கடகடவென்று பேசிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஹபீப் என் கைக்கவசத்து வாரை இழுத்துப் பார்த்து, "நல்லாருக்குங்கண்ணா" என்று சொல்லிவிட்டு விலகிக் கையைக் காட்டினார்.

முதல் அடி என் தலையில். மணியடித்த மாதிரி மண்டைக்குள் ரீங்காரம். அப்பாடா என்றிருந்தது. சத்தியமாக எனக்கு அழுகை வந்தது, தலைக்கவசத்துக்குள் யார் பார்க்கப் போகிறார்கள். பிறகு நான் வீசினேன். வாள் கையை விட்டுப் போகவில்லை, கை ஆடவும் இல்லை. அவன் வலது கையைப் பின்னால் கொண்டுபோகும்போது அக்குள் திறக்கும் என்று எனக்குத் தெரியும், அந்த இடம் நான் வெட்டியது. அங்கே ஒன்று வைத்தேன். ஒன்றுக்கு ஒன்று. அவன் திட்டியது எனக்கு மட்டும் கேட்டது, இங்கே எழுத முடியாது.

மூன்றுக்கு மூன்று வரை நின்றேன். அதற்குமேல் மூச்சு இல்லை. ஒரு தடவை வாள் நழுவிக் கீழே விழுந்தது. விதிப்படி அவன் ஒரு எட்டு பின்னால் போய் நின்றான், நான் எடுத்தேன், உடனே பாய்ந்து வந்து தோளில் போட்டான் பாருங்கள், கொஞ்சமும் இரக்கம் இல்லாமல். கடைசி அடி விலாவில். உட்கார்ந்துவிட்டேன். ஐந்துக்கு மூன்று.

தோற்றேன். பக்கத்தில் வந்து அவனும் தரையில் உட்கார்ந்தான். இரண்டு பேருமே தானாக எழுந்திருக்க முடியாமல் பிள்ளைகள் வந்து தூக்கிவிட்டார்கள். இவ்வளவு சந்தோஷமாக நான் எப்போது இருந்தேன் என்று ஞாபகமில்லை.

பிப்ரவரி 12, திங்கள்

காலையில் டாக்டரிடம் போனோம். தரணிதான் அவன் அக்கா வீட்டுக் காரை எடுத்து வந்தான். பரிசோதனைக்குச் சட்டையைக் கழற்றச் சொன்னார். தோளிலும் விலாவிலும் கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருந்தது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "என்னங்க இது, யார் அடிச்சது?" என்று கேட்டார்.

அதைத்தான் முதலில் சொன்னேன். தரணி வெளியே உட்கார்ந்திருக்கிறான், கூப்பிட்டுக் காட்டட்டுமா என்றேன். மைதானம், வாள், மூன்றுக்கு மூன்று வந்தது, தோளில் விழுந்த அடி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பாவம், நல்ல மனுஷன், முழுவதும் கேட்டார். சொல்லி முடித்ததும் வசுமதி என் வலது கையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "இப்பக் கையப் பத்திச் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன்.